முள்ளிவாய்க்கால்: ஒளிப்படங்களும் ஊர் மரபும்

முள்ளிவாய்க்கால் என்பது இலங்கையின் வட மாகாணத்து முல்லைத்தீவு மாவட்டத்தில், கரைத்துறைப்பற்றுப் பிரதேச செயலகப் பிரிவுக்குட்பட்டு, வடகிழக்கே வங்காள விரிகுடாவுக்கும் தென்மேற்கே நந்திக்கடல் என்னும் களப்புக்கும் நடுவே, நீண்டொடுங்கிய மணற்பட்டியில் அமைந்த கரையோரக் கிராமமாகும். கிழக்கு, மேற்கு என இரு கிராம அலுவலர் பிரிவுகளாக வகுக்கப்பட்ட இவ்வூரை ஊடறுத்துச் செல்லும் பரந்தன் – முல்லைத்தீவுப் பெருந்தெரு, களப்பு கடலோடு கலக்குமிடத்தை வட்டுவாகல் பாலத்தால் கடக்கிறது. 2009 ஆம் ஆண்டின் யுத்த முடிவால் உலகறிந்த இக்கிராமத்தைப் பற்றிய ஒளிப்படங்கள் மிகப் பலவாயினும், அவற்றுட் பெரும்பாலானவை ஒரேயொரு பருவத்தின் துயரத்தை மட்டும் காட்டுவன. ஊரின் நெடுங்கால வாழ்வைக் காட்டுவன மிகச் சில.

நீரும் தொழிலும்

கடலில் மீன்பிடித்தலும், களப்பில் இறால் பிடித்தலும், தென்னை, பனை ஆகியவற்றைச் சார்ந்த தொழில்களும் இப்பகுதி மக்களுக்குப் பரம்பரையாக ஜீவனமளித்து வந்தன. கடற்கரையில் பலர் இரு மருங்கும் நின்று இழுக்கும் கரைவலையும், களப்பின் ஆழங்குறைந்த நீரில் தனியொருவர் எறியும் வீச்சுவலையும், கரையோரத்து ஓலை வாடிகளும் இவ்வூரின் தொழில் மரபுக்கு அடையாளங்கள். வடகீழ்ப் பருவமழையில் நந்திக்கடல் நிரம்பும்போது, வட்டுவாகலில் முகத்துவாரத்தை அடைத்து நிற்கும் மணற்றிட்டை வெட்டி நீரைக் கடலுக்குத் திறந்து விடுவதும், அதன்வழியே கடலுக்கும் களப்புக்கும் இடையே மீனும் இறாலும் போக்குவரவு செய்வதும் இப்பிரதேசத்தின் இயற்கை ஒழுங்கோடு இணைந்தவை.

சமயமும் கலையும்

நந்திக்கடலின் அக்கரையில் விளங்கும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வன்னி முழுமைக்கும் பொதுவான தலமாகும். மதுரையை எரித்த பின் ஈழம் வந்த கண்ணகி, நந்திக்கடலோரத்தில் மாடு மேய்த்த சிறுவர்க்கு ஒரு மூதாட்டியாகத் தோன்றினாள் என்பதும், எண்ணெய் இல்லாத வேளையில் கடல்நீரால் விளக்கேற்றச் செய்தாள் என்பதும் இங்கு வழங்கும் ஐதிகம். அதனை நினைவுகூர்ந்து, ஆண்டுதோறும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர்க் கடலில் தீர்த்தமெடுத்து வந்து உப்புநீரில் விளக்கெரிப்பர். கண்ணகி கதையைப் பாடும் கோவலன் கூத்தும் இம்மண்ணின் சொத்து. 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயரின் பீரங்கியைக் கைப்பற்றிய பண்டாரவன்னியனின் நினைவும், அவன் தோல்வியைக் குறித்து நாட்டப்பெற்ற கற்சிலைமடு நடுகல்லும் இப்பிரதேச வரலாற்றுணர்வில் நீங்கா இடம்பெற்றவை.

ஒளிப்படத்தின் வருகை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த ஒளிப்படக் கலை, பெரும்பாலும் ஆட்சியாளரும் பயணிகளும் விரும்பிய காட்சிகளையே நாடிற்று. ஜோசப் லோட்டன் 1870, 1871 ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், பொலன்னறுவை முதலிய இடங்களின் சிதைவுகளைப் படமெடுத்தார்; 1890 இல் தோன்றிய பிளேட் நிறுவனம் தேயிலைத் தோட்டங்களையும் நகரங்களையும் படத் தபாலட்டைகளில் பரப்பியது. வன்னிக் கரையோரத்தின் சிற்றூர்கள் இவ்வகைப் படக்கருவிகளின் பார்வைக்கு வெளியே இருந்தமையால், அவற்றின் காட்சி வரலாறு வீடுகளிலேயே தங்கிற்று. கலியாண அல்பங்கள், சாமத்திய வீட்டுப் படங்கள், பள்ளிக்கூடக் குழுப்படங்கள், இறந்தார் நினைவாக அந்தியேட்டியன்று வெளியிடப்படும் கல்வெட்டு என்னும் சிறுநூல்களின் முகப்புப் படங்கள் ஆகியனவே அவ்வரலாற்றின் மூலாதாரங்கள்.

2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையோரத்தைச் சூறையாடியபோது இத்தகைய செல்வங்களும் நீரோடு போயின. 2006 டிசம்பரில் இக்கரையோரத்தில் தரைதட்டிய ஜோர்தானியச் சரக்குக் கப்பலான பாரா-3, பின்னர் ஆண்டுக்கணக்கில் துருவேறிக் கிடந்து, யுத்தகாலப் படங்கள் பலவற்றில் இவ்வூருக்கு அடையாளமாயிற்று.

2009 ஆம் ஆண்டின் படங்கள்

சுயாதீன ஊடகங்கள் யுத்த களத்துக்கு அனுமதிக்கப்படாத நிலையில், 2008 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் சர்வதேசப் பணியாளரும் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். பொதுமக்களுக்கான மூன்றாவது பாதுகாப்பு வலயமாக 2009 மே 8 இல் அறிவிக்கப்பட்ட பகுதி முள்ளிவாய்க்காலுக்குள் அடங்கியது. பள்ளிக்கூடத்தில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலையையும், பதுங்குகுழிகளையும், கஞ்சிக்காக வரிசையில் நின்ற பிள்ளைகளையும் பதிவு செய்தவர்கள் அங்கேயே அகப்பட்டிருந்த உள்ளூர்ச் செய்தியாளரும், ஒளிப்படக் கலைஞரும், மருத்துவப் பணியாளருமேயாவர். வானிலிருந்து எடுக்கப்பட்ட செய்மதிப் படங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம், மே 6 இற்கும் 10 இற்கும் இடையில் கூடாரங்கள் மறைந்தமையையும் குண்டுக்குழிகள் தோன்றியமையையும் எடுத்துக்காட்டியது. யுத்தம் மே 18 இல் முடிவுற்ற பின், மே 23 இல் ஐ.நா. செயலாளர் நாயகம் பான் கீ மூன் அப்பகுதியை வானிலிருந்து பார்வையிட்டபோது எடுக்கப்பட்ட படங்கள், சிதைந்த கூடாரங்களையும் புதிய புதைமேடுகளையும் உலகுக்குக் காட்டின. இறுதிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்ற மதிப்பீட்டை 2011 இன் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை குறிப்பிடுகிறது.

இழப்பும் தேடலும்

இறுதி நாட்களில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்த மக்கள் உடுத்த துணியோடு வந்தவர்களாகையால், மூன்று, நான்கு தலைமுறைகளின் குடும்பப் படங்கள் மணலிலேயே விடப்பட்டன. எஞ்சிய படங்கள் புதியதொரு பொருளைப் பெற்றன: 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் அடுத்த மாதம் முல்லைத்தீவிலும் தொடங்கிய தொடர் போராட்டங்களில், வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் ஏந்தி நிற்கும் படங்கள் பல, அடையாள அட்டையிலிருந்தோ பள்ளிக்கூடக் குழுப்படத்திலிருந்தோ பெருப்பிக்கப்பட்டவை. ஆண்டுதோறும் மே 18 இல் இம்மண்ணில் சுடரேற்றப்படும்போதும், அரிசியும் உப்பும் சேர்த்துக் காய்ச்சிய முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிரப்படும்போதும் இப்படங்களே முன்னிலை பெறுகின்றன. தமிழ்நாட்டில் தஞ்சாவூரை அடுத்த விளாரில் 2013 நவம்பரில் திறக்கப்பெற்ற முள்ளிவாய்க்கால் முற்றம் அந்நினைவைக் கல்லில் நிறுத்தியுள்ளது.

ஆவணப்படுத்தலின் அவசியம்

2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களோடு நினைவு மலர்களையும் ஒளிப்படங்களையும் பாதுகாத்து வருவது இத்துறையில் பெரும் பணியாகும். இந்த ஊர் எவ்வாறு மாண்டது என்பதற்குச் சான்றுகள் உள. எவ்வாறு வாழ்ந்தது என்பதற்கான சான்றுகளோ ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் முதலிய நகரங்களிற் குடியேறிய உறவினரின் பெட்டிகளிற் சிதறிக் கிடக்கின்றன. கரைவலை இழுப்போ வற்றாப்பளைப் பொங்கலோ பள்ளிக்கூட முற்றமோ பதிந்த ஒரு பழைய படம் யாரிடமேனும் இருப்பின், அதில் உள்ளோரின் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றைப் பின்புறத்தில் எழுதி, மூப்படைந்தோர் நினைவு மங்குமுன் ஒரு பிரதியைப் பொது ஆவணகத்துக்கு அளிப்பது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.