குருந்தம்: சாணைப் பட்டறையிலிருந்து போன சொல்

கனிமங்களின் பழைய பெயர்களில் பல கிரேக்கமோ இலத்தீனோ, இல்லையென்றால் ஜெர்மன் சுரங்கத் தொழிலாளிகளின் பேச்சோ ஆக இருக்கும். இந்தக் கூட்டத்தில் ‘கொரண்டம்’ தனி. ஆங்கில அகராதிகள் அதற்கு மூலமாகத் தமிழின் ‘குருந்தம்’ என்ற சொல்லைக் காட்டுகின்றன. தெலுங்கின் ‘குருவிந்தம்’, வடமொழியின் ‘குருவிந்த’ ஆகியவற்றையும் பக்கத்தில் வைக்கின்றன. (மாணிக்கவாசகருக்கு அருள் கிடைத்த குருந்த மரத்தை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

மூலம் தெற்கா வடக்கா என்று வழக்காடுவோர் உண்டு. ‘குரு’ என்றால் நிறம் என்று தொல்காப்பியம் சொல்வதைப் பிடித்துக்கொண்டு உடனே தீர்ப்பெழுதுவோரும் உண்டு. ஆசையான விளக்கம்தான், ஆனால் ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. எனக்கு முக்கியமாகப் படுவது ‘குருவிந்தம்’ என்பதன் நடுவிலிருக்கும் ‘வி’. சிலப்பதிகாரம் ஊர்காண் காதையில் மாணிக்க வகைகளை அடுக்கும்போது ‘விந்தம்’ என்று ஒன்றைச் சொல்கிறது, குருவிந்தம்தான் அது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கில இயற்கையியலர் ஜான் உட்வர்ட் தொகுத்த கனிமப் பட்டியலிலும் அந்த ‘வி’ இருக்கிறது. 1790களில் வேதியியலர் ரிச்சர்ட் கிர்வன் கனிமங்களைப் பற்றி எழுதும்போது அது உதிர்ந்துவிட்டது. 1798இல் சார்லஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஆசியாவின் கொரண்டம் கல்லைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதிலும் ‘வி’ இல்லை. தமிழ் வாயில் தேய்ந்த வடிவமே அறிவியலில் நிலைத்தது. ஊற்று எதுவானாலும், கடைசியாகக் காதில் விழுந்த உச்சரிப்பு நம்முடையது.

ஐரோப்பாவில் அதற்குள் இந்தக் கல்லுக்கு வேறு பெயரும் வைத்திருந்தார்கள்: வைரத்தின் கடினத்தைக் குறிக்கும் ‘அடமண்டைன் ஸ்பார்’. அந்தப் பகட்டான பெயர் நிற்கவில்லை. பட்டறைப் பெயர் நின்றது.

பட்டறை என்று சொல்லக் காரணம் உண்டு. குருந்தம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம். அதில் துளி குரோமியம் கலந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலக்கல். ஆனால் பூமியில் கிடைப்பதில் பெரும்பங்கு ஒளி புகாத மங்கல் கல். அதைப் பொடித்து, உருக்கிய அரக்கில் குழைத்துச் சக்கரமாக வார்த்தால் சாணை. மணி தீட்டுபவரும் வாள் தீட்டுபவரும் அதை வைத்துத்தான் பிழைத்தார்கள். மாணிக்கத்தைத் தீட்டிய பொடியும் மாணிக்கமும் ஒரே பொருள் என்று வேதியியல் உறுதிசெய்தது 1800ஐ ஒட்டித்தான். 1812இல் பிரெடரிக் மோஸ் கடின அளவுகோலை வகுத்தபோது குருந்தத்துக்கு ஒன்பதாம் இடம் கொடுத்தார். அதற்கு மேல் வைரம் மட்டுமே.

பிறகு இந்தக் கல்லின் பயன் வேகமாக மாறியது. 1902இல் பிரெஞ்சு வேதியியலர் ஒகஸ்ட் வெர்னாய் சுடரில் அலுமினாப் பொடியை உருக்கிச் செயற்கை மாணிக்கம் வளர்க்கும் முறையை அறிவித்தார். கைக்கடிகாரத்தின் உள்ளே அச்சுகளைத் தாங்கும் ‘ஜுவல்’ கற்கள் இன்று பெரும்பாலும் அப்படி வளர்த்தவைதான். 1960இல் தியோடர் மைமன் இயக்கிய முதல் லேசரின் உள்ளே இருந்ததும் செயற்கை மாணிக்கத் தண்டு. தச்சர் கையிலிருக்கும் உப்புத்தாளிலும் இன்று பல வகைகளில் ஒட்டியிருப்பது அலுமினியம் ஆக்சைடு.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் குருந்தம் இன்றும் இருக்கிறது.

இவ்வளவு தூரம் போய்வந்த சொல்லை நம்மில் பலர் ஆங்கிலத்திலிருந்து திரும்ப வாங்கி ‘கொரண்டம்’ என்று எழுதுகிறோம். எழுதுபவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் இனியாவது ‘குருந்தம்’ என்றே எழுதுங்கள்.