கழிச்சல் மருந்து முதல் குடல் ஆயத்தம் வரை: ஒரு மருத்துவ வரலாற்று ஒப்பீடு

முன்னுரை

கொலோனோஸ்கோபி எனப்படும் பெருங்குடல் உள்நோக்கிச் சோதனைக்கு முன்னர்க் குடலை முற்றிலும் தூய்மை செய்தல் இன்றியமையாதது. குடற்சுவரில் கழிவு படிந்திருப்பின் பாலிப் எனப்படும் சிறு வளர்ச்சிகளும் தொடக்கநிலைப் புற்றும் மருத்துவர் கண்ணுக்குப் புலப்படாமற் போகும். இத்தூய்மைக்கு எம்மருந்து சிறந்தது என்னும் வினா ஏறத்தாழ அரை நூற்றாண்டாக ஆராயப்பட்டு வருகிறது. அவ்வினாவின் முன்வரலாற்றில் தமிழ் நிலத்திற்கு நன்கு அறிமுகமான இரு பொருள்கள் இடம்பெறுகின்றன. ஒன்று, நெல்லைச் சீமையில் விளைந்த நிலவாகை. மற்றொன்று, போடிநாயக்கனூரின் வணிகத்திற்கு அடித்தளமான ஏலக்காய். மருந்துகளின் வலிமை கூடியதனால் மட்டும் முறைகள் மாறவில்லை. தூய்மை எதன்பொருட்டு என்னும் கேள்விக்கான விடை மாறியதே முதற்காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

சித்த மருத்துவத்தில் கழிச்சல்

சித்த மருத்துவம் கழிச்சலை நோய்நீக்கமாகவும் நோய்த்தடுப்பாகவும் கொண்டது. ஆறு திங்களுக்கு ஒருமுறை வமனமும் நான்கு திங்களுக்கு ஒருமுறை பேதியும் கொள்ள வேண்டும் என்பது தேரையர் பெயரால் வழங்கும் நெறி. விளக்கெண்ணெய், கடுக்காய், நிலவாகை ஆகியன இதற்குப் பயன்பட்டன. நோயாளியின் உடல்வன்மை கருதி மருந்தின் கடுமையைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்தனர். பேதி மிகின் மோர், எலுமிச்சைச் சாறு முதலியவற்றால் அதனை நிறுத்தினர்.

இங்கு வெற்றிக்கு அளவுகோல் எத்தனை முறை கழிந்தது என்பதும், கழிந்தபின் உடல் எவ்வளவு இலேசாயிற்று என்பதுமாகும். குடலின் உட்புறத்தைக் காணும் தேவை அக்காலத்தில் எழவில்லை. ஆகவே நோயாளியின் உணர்வே சான்றாக அமைந்தது.

நெல்லைச் சென்னாவும் கருங்கலவையும்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹியூஸ் என்னும் ஆங்கிலேயர் திருநெல்வேலிப் பகுதியில் நிலவாகையை வணிகப் பயிராக வளர்த்தார். தூத்துக்குடித் துறைமுகம் வழியே ஐரோப்பாவுக்குச் சென்ற இவ்விலை 'தின்னவேலி சென்னா' என்னும் பெயர் பெற்றது. அலெக்சாந்திரியச் சென்னாவுடன் இதுவும் பிரித்தானிய மருந்து நூலில் ஏற்கப்பட்டது.

சென்னா வயிற்றைப் பிசையும் இயல்புடையது. அதனைத் தணிக்கும் முயற்சி அம்மருந்து நூலின் சென்னாக் கூட்டுக்கலவையில் வெளிப்படுகிறது. மக்கள் வழக்கில் கருங்கலவை எனப் பொருள்படும் பெயர் கொண்ட அம்மருந்தில் சென்னா ஊறல்நீர், பேதியுப்பு, அதிமதுரச் சாறு ஆகியவற்றோடு ஏலக்காய்க் கூட்டுச் சாராயக் கரைசலும் சேர்க்கப்பட்டது. ஏலம் மணத்துக்காக மட்டுமன்றி வாயுவை அகற்றவும் பயன்பட்டது. நிலவாகையுடன் சுக்கு போன்ற சரக்குகளைக் கூட்டும் சித்த மரபும் இதே தேவையிலிருந்து தோன்றியதாகும். மருந்து வேலை செய்தால் போதாது. நோயாளி அதனைத் தாங்கவும் வேண்டும் என்பதை இரு மரபுகளும் உணர்ந்திருந்தன.

காண்பதற்கான தூய்மை

1969இல் நியூயார்க்கில் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா ஆகியோர் உள்நோக்கி வழியாகவே பாலிப்பை அகற்றும் முறையைத் தொடங்கினர். இதன்பின் கழிச்சலின் நோக்கம் மாறியது. மலம் வெளியேறினால் போதும் என்ற நிலை போய், குடற்சுவர் முழுவதும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றாயிற்று. தொடக்கத்தில் ஓரிரு நாள் நீருணவு, விளக்கெண்ணெய் அல்லது சென்னா, பின்னர் இனிமா என்னும் பழைய வரிசையே கைக்கொள்ளப்பட்டது.

மானிட்டால் கரைசல் விரைந்து வேலை செய்தது. ஆயின் குடல் நுண்ணுயிரிகள் அதனை நொதிக்கச் செய்து எரியும் வாயுவை உண்டாக்கின. மின்சூட்டால் பாலிப் அகற்றுகையில் உயிரைப் பறித்த வெடிப்பு ஒன்று 1979இல் பதிவாயிற்று. 1980இல் டேவிஸ், ஃபோர்ட்ரான் முதலியோர் பாலிஎத்திலீன் கிளைக்கால் கலந்த உப்புநீரை அறிமுகப்படுத்தினர். இது குடலால் உறிஞ்சப்படுவதில்லை. உடலின் நீர், உப்புச் சமநிலையையும் பெரிதும் குலைப்பதில்லை. எனினும் 4 லிட்டர் குடிப்பது பலர்க்கு அரிதாயிற்று. குறைந்த அளவே தேவைப்பட்ட சோடியம் பாஸ்பேட் இதனால் செல்வாக்குப் பெற்றது. அது சிறுநீரகத்தைச் சிதைக்கக்கூடும் என்பது தெளிவானபின் 2008இல் அமெரிக்காவில் கடும் எச்சரிக்கைக்கு உள்ளாயிற்று. நோயாளிக்கு எளிதானது என்பதும் பாதுகாப்பானது என்பதும் ஒன்றல்ல என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

அளவுகோலும் நேரமும்

ஒப்பீட்டுக்குப் பொது அளவுகோல் தேவைப்பட்டது. 2009இல் வெளியான பாஸ்டன் அளவுகோல் பெருங்குடலை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் அளிக்கிறது. ஒவ்வொரு பகுதியும் குறைந்தது 2 பெறின் தூய்மை போதுமானதாகக் கொள்ளப்படும். சான்று இவ்வாறு நோயாளியின் உணர்விலிருந்து மருத்துவரின் பார்வைக்கு இடம்பெயர்ந்தது.

இவ்வொப்பீடுகள் மருந்தைவிட நேரத்தின் சிறப்பையே மிகுதியும் வெளிக்கொணர்ந்தன. முன்னிரவில் ஒரு பாதியும், சோதனைக்கு 4 முதல் 6 மணி நேரத்திற்கு முன் மறுபாதியும் அருந்தும் பகுப்பு முறையை 2014இல் அமெரிக்கப் பன்முகச் சங்கக் குழு பரிந்துரைத்தது.

இப்பரிந்துரை ஏலமலைச் சரிவில் வாழ்வோர்க்கு எளிதன்று. சிலமலை, போடி வட்டாரத் தொழிலாளர் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோர். மலைமேல் தங்குவோர் சோதனைக்காகக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சமவெளி மருத்துவமனைகளுக்கு இறங்கி வரவேண்டும். விடியற்காலை மருந்தருந்திய ஒருவர் கழிப்பறை இல்லாத பேருந்தில் அவ்வழி வருதல் இயலாது. முன்னாள் இரவே மருத்துவமனைக்கு அருகில் தங்குதல், அல்லது பிற்பகல் சோதனைக்கு அன்று காலையிலேயே முழு மருந்தையும் அருந்துதல் ஆகியன இதற்கு மாற்று வழிகள். பின்னதும் மேற்சொன்ன பரிந்துரையில் ஏற்கப்பட்டதே. கேழ்வரகு, கீரை, பயறு ஆகியவற்றை விலக்கி வெள்ளரிசிச் சோறும் மோரும் கொள்ளுமாறு அறிவுறுத்துதல், 'நார்ச்சத்துக் குறைந்த உணவு' என்னும் பொதுத்தொடரைவிடப் பயன் தரும்.

முடிவுரை

கழிச்சல் மருந்தின் வரலாறு பழமையிலிருந்து புதுமைக்குச் செல்லும் நேர்கோடன்று. சென்னாவின் செயற்பொருள்களான சென்னோசைடுகளை 1941இல் பாசல் நகரில் ஆர்தர் ஸ்டோல் பிரித்தெடுத்தார். அவை இன்றும் சில ஆயத்த முறைகளில் துணைமருந்தாக உள்ளன. கருங்கலவையின் மக்னீசிய உப்பு, சிட்ரேட் வடிவில் சோடியம் பிகோசல்பேட்டுடன் இணைந்து வழங்குகிறது. மாறியது அளவுகோல். நோயாளியின் உணர்வைச் சான்றாகக் கொண்ட மரபு குடற்சுவரைக் காணவில்லை. குடற்சுவரைக் கண்ட மரபோ நோயாளியின் வழிப்பயணத்தை அளவுகோலில் சேர்க்கவில்லை. எம்மருந்து சிறந்தது என்னும் வினா, எவர்க்கு, எந்நேரத்தில், எவ்வளவு தொலைவிலிருந்து வருவோர்க்கு என்னும் வினாக்களோடு இணையும்போதே முழுமை பெறும்.