புசானிலிருந்து சிட்டகாங்குக்கு: ஆலைகள் இடம்பெயர்ந்த வரலாறு

வேலைநிறுத்தம் செய்தால் ஆலை வெளிநாட்டுக்குப் போய்விடும் என்னும் எச்சரிக்கை கடந்த அரை நூற்றாண்டாகப் பல நாடுகளின் தொழிலாளர்களை நோக்கி விடுக்கப்பட்டு வருகிறது. அரசுகளும் ஆலை அதிபர்களும் மட்டுமல்லர், தொழிலாளர் நலம் நாடுவோர் சிலரும் கவலையோடு இதையே சொல்வதுண்டு. இக்கூற்றில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை, ஆயத்த ஆடைத் தொழில் தென் கொரியாவிலிருந்து பங்களாதேஷுக்குச் சென்ற வரலாற்றைக் கொண்டு ஆராய முற்படுகிறோம்.

1979ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். சியோல் நகரில் ஒய்.எச். என்ற நிறுவனம் 1966 முதல் விக் எனப்படும் பொய்முடிகளைத் தயாரித்து அமெரிக்காவுக்கு அனுப்பி வந்தது. கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்களே அதன் தொழிலாளர்கள். செழித்த காலத்தில் அவர்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருந்தது. பின்னர் உரிமையாளர் அமெரிக்காவில் குடியேறினார். ஏற்றுமதிப் பணத்தை அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார் என்பது தொழிற்சங்கத்தின் குற்றச்சாட்டு. கடனில் மூழ்கிய நிறுவனம் 1979இல் மூடுவதாக அறிவித்தது.

போக்கிடம் இல்லாத பெண்களில் நூற்றெண்பதுக்கும் மேற்பட்டோர் ஆகஸ்ட் 9ஆம் நாள் எதிர்க்கட்சியான புதிய ஜனநாயகக் கட்சியின் தலைமையகத்தில் தஞ்சம் புகுந்தனர். 11ஆம் நாள் விடியுமுன் காவல்துறை அக்கட்டடத்துக்குள் பாய்ந்தது. கிம் கியோங்சுக் என்ற 21 வயதுத் தொழிலாளி உயிரிழந்தார். அது தற்கொலை என்றது அன்றைய அரசு. 2008இல் அரசின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அதனை மறுத்தது. அந்நிகழ்ச்சியைக் கண்டித்த கட்சித் தலைவர் கிம் யங்சாம் அக்டோபரில் நாடாளுமன்றத்திலிருந்து நீக்கப்பட்டார். புசானிலும் மாசானிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அம்மாதம் 26ஆம் நாள் அதிபர் பார்க் சுங்ஹீ தம் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது நிகழ்ச்சிகளின் வரிசை. போராட்டத்தால் ஆலை மூடப்படவில்லை. ஆலை மூடப்பட்டதால் போராட்டம் எழுந்தது.

அதே ஆண்டில், அதே நாட்டின் புசான் துறைமுக நகரில் மற்றொரு காட்சி. தேவூ நிறுவனத்தின் ஆடை ஆலையில் பங்களாதேஷிலிருந்து வந்த 130 பேர் ஏறத்தாழ ஆறு மாதம் பயிற்சி பெற்றனர். அவர்களில் பெண்களும் இருந்தனர். முன்னாள் அரசு உயர் அலுவலரான நூருல் காதர் சிட்டகாங்கில் தொடங்கிய தேஷ் நிறுவனத்துக்காக 1978இல் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின் விளைவு இது. தேவூ ஏன் வங்காள விரிகுடாக் கரைக்கு வந்தது? கொரியத் தொழிலாளர்களின் போராட்டத்துக்கு அஞ்சியன்று. பார்க்கின் ஆட்சி சங்கங்களை இறுக்கியே வைத்திருந்தது. உண்மைக் காரணம் 1974இல் நடைமுறைக்கு வந்த பல்லிழை ஒப்பந்தமாகும். பணக்கார நாடுகள் தம் ஆலைகளைக் காத்துக்கொள்ள, கொரியா போன்ற நாடுகளின் துணி ஏற்றுமதிக்கு ஒதுக்கீட்டு வரம்பு விதித்தன. பங்களாதேஷுக்கு அப்போது வரம்பு ஏதுமில்லை. ஒரு காலத்தில் மஸ்லினால் உலகப் புகழ்பெற்ற அந்நாடு, மேலைச் சந்தைக்குள் நுழையும் பக்கவாசலாகப் பயன்பட்டது.

தேஷ் நிறுவனம் 1980இல் விற்றவை 43,000 சட்டைகள் மட்டுமே. ஆனால் பயிற்சி பெற்ற 130 பேரில் 115 பேர் சில ஆண்டுகளில் அங்கிருந்து விலகித் தாமே நிறுவனங்கள் தொடங்கினர், அல்லது பிற நிறுவனங்களில் சேர்ந்தனர். ஒரு தொழில் பரவிய விதத்துக்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

எச்சரிக்கையில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1987 கோடையில் கொரியாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழில் தகராறுகள் வெடித்தன. ஊதியம் விரைந்து உயர்ந்தது. அதன்பின் புசானின் காலணி ஆலைகள் இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் வியட்நாமுக்கும் பெயர்ந்தன. ஆயினும் அதே கோடையில் பெரும் போராட்டம் கண்ட உல்சானின் கார் ஆலையும் கப்பல் தளமும் இன்றுவரை அங்கேயே உள்ளன.

பங்களாதேஷில் 1994இல் 930 டாக்காவாக நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச மாத ஊதியம் 12 ஆண்டுகள் அசையவில்லை. 2006இல் சாவர், ஆஷுலியா, காஜிப்பூர் பகுதிகளில் தொழிலாளர்கள் தெருவில் இறங்கிய பின்னரே அது 1,662.50 டாக்காவாயிற்று, 2010இல் 3,000. அடங்கிக் கிடந்ததன் விலை என்ன என்பதை 2013 ஏப்ரல் 24 காட்டியது. முந்தைய நாளே ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் தென்பட்டது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களின் ஆடைத் தொழிலாளர்கள் மட்டும், ஊதியம் பிடித்தம் செய்யப்படும் என்ற மிரட்டலால் மறுநாள் உள்ளே சென்றனர். மறுத்துச் சொல்ல அவர்களுக்குச் சங்கம் இல்லை. இறந்தோர் 1,134 பேர்.

அதன்பின் இருநூறுக்கும் மேற்பட்ட வணிக நிறுவனங்கள் கட்டடப் பாதுகாப்புக்கான, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஊதியம் அவ்வாண்டே 5,300 டாக்காவாக உயர்ந்தது. ஆலைகள் ஓடிவிட்டனவா? 2012-13இல் சுமார் 2,150 கோடி டாலராக இருந்த ஆடை ஏற்றுமதி, 2018-19இல் 3,400 கோடி டாலரைத் தாண்டியது.

பின்னர் பங்களாதேஷ் முதலாளிகளே மலிவான இடம் தேடிச் சென்றனர். அவர்களுள் ஒரு நிறுவனம் எத்தியோப்பியாவின் திக்ரே பகுதியில், மெக்கெலே நகரில் ஆலை அமைத்தது. அந்நாட்டில் தனியார் துறைக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் கிடையாது. 2019இல் ஆடைத் தொழிலாளியின் அடிப்படை மாத ஊதியம் ஏறத்தாழ 26 டாலர். பங்களாதேஷில் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. 2020 நவம்பரில் திக்ரேயில் போர் மூண்டது. அந்த ஆலை கைவிடப்பட்டது. 2022 ஜனவரியில் எத்தியோப்பியாவுக்கு அளித்திருந்த தீர்வைச் சலுகையை அமெரிக்கா விலக்கிக்கொண்டது. ஹவாசா தொழிற்பூங்காவிலிருந்த பெரிய அமெரிக்க நிறுவனம் ஒன்று அதற்கு முன்பே, 2021 நவம்பரில், தன் ஆலையை மூடிவிட்டது.