வார்ப்பச்சும் வினைச்சொல்லும்: ஈயக்குண்டு வார்ப்பின் வரலாற்றை முன்வைத்து

தொழிற்சொற்களை எதிர்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர் அகராதியை நாடுவது இயல்பு. எனினும், தொழிலின் செய்முறை அறியப்படாதபோது அகராதி தரும் நேர்ச்சொல்லே பிழைக்கு வழிகோலுவதுண்டு. அமெரிக்க விடுதலைப் போர்க்காலத்தில் இல்லங்களில் நிகழ்ந்த ஈயக்குண்டு வார்ப்பு இதற்குத் தக்க சான்றாகும். வார்த்த குண்டு அச்சிலிருந்து பழுதின்றிக் கழல்வதற்கான ஆயத்தங்களையும், அவற்றைத் தமிழில் கூறுங்கால் எழும் சில சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நியூயார்க் நகரில் 1770இல் நிறுவப்பட்ட மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் குதிரையேறிய உருவச்சிலை, ஈயத்தால் ஆகிப் பொன்முலாம் பூசப்பட்டது. 1776 ஜூலை 9 அன்று விடுதலைப் பிரகடனம் படைவீரர்முன் படிக்கப்பட்டபின் மக்கள் அதனை வீழ்த்தினர். ஈயத்தின் பெரும்பகுதி கனெக்டிகட்டைச் சார்ந்த லிட்ச்ஃபீல்டு ஊரில் ஆலிவர் வால்காட்டின் இல்லத்தை அடைந்தது. அவருடைய பிள்ளைகளும் அண்டைவீட்டுப் பெண்டிரும் அதனைக் குண்டுகளாக்கினர். வால்காட் எழுதிவைத்த கணக்கு 42,088 என்று முடிகிறது. அக்கணக்கு எண்ணுவது குண்டுகளையன்று, தோட்டாக்களை. குண்டு என்பது ஈய உருண்டை. அதனை வெடிமருந்துடன் தாளில் சுருட்டியமைப்பதே தோட்டா. பின்னர் எழுதியோர் பலர் இரண்டையும் ஒன்றாகவே கொண்டனர். இதனால் எண்ணிக்கை மாறுவதில்லை. ஆனால் அப்பெண்டிரின் உழைப்பில் ஒரு பாதி மறைந்துபோகிறது.

அக்கால அச்சு பெரும்பாலும் குறடு போன்றது. கீலால் இணைந்த இரு பாதிகளிலும் அரைக்கோளக் குழிவு இருக்கும். மேலே ஈயம் ஊற்றும் வாய். இரும்பு, பித்தளை அச்சுகளோடு மாக்கல் அச்சுகளும் வழங்கின. துப்பாக்கிக்குத் துப்பாக்கி குழலின் துளை வேறுபட்டமையால், அதற்குரிய அச்சும் உடன்வருதல் வழக்கம். ஒரு பவுண்டு ஈயத்தில் அத்துளைக்குப் பொருந்தும் உருண்டைகள் எத்தனை வார்க்கலாம் என்பதே துளையின் அளவாகக் கொள்ளப்பட்டது. நம் நாட்டில் வழங்கும் ‘12 போர்’ என்னும் தொடர் இக்கணக்கின் எச்சமேயாகும். இதிலுள்ள ‘போர்’ துளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், சமரைக் குறிப்பதன்று.

புதிய அச்சின் குழிவில் துருப் பிடிக்காதிருக்கப் பூசிய எண்ணெய் எஞ்சியிருக்கும். அதனை முற்றும் நீக்குதல் முதல் வேலை. சிறிது தங்கினும் அது வெப்பத்தில் ஆவியாகி, ஈயம் குழிவோடு பொருந்துவதைத் தடுக்கும். குண்டு சுருக்கங்களுடன் வெளிவரும். ஈரம் இருப்பின் கேடு பெரிது. உருகிய ஈயத்தின் அடியில் அகப்பட்ட நீர் நீராவியாய் வெடித்து ஈயத்தைத் தெறிக்கச் செய்யும். பாதிகள் கூடும் விளிம்பில் பிசிறு நின்றால் அது உறைந்த ஈயத்தைப் பற்றிக்கொள்ளும். அதனையும் களைதல் வேண்டும். பின்னர்க் குழிவை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி மெல்லிய கரிப்படலம் ஏற்றுவர். ஈயம் உருகுவது 327 பாகை செல்சியசில். அச்சு குளிர்ந்திருந்தால் குழிவு நிறையுமுன் அது உறைந்துவிடும். ஆகவே முதலில் வார்த்த சில குண்டுகள் அச்சைச் சூடேற்றும் பணியை மட்டும் செய்து மீண்டும் உருக்குகலத்தையே சேரும்.

இவ்வாயத்தத்தைப் ‘பதப்படுத்துதல்’ என்று பெயர்த்தல் பொருந்தாது. அச்சொல் இன்று தோலையும் உணவையும் நினைவூட்டுவது. புதிய கல்சட்டியைக் கஞ்சி ஊற்றிச் சூடேற்றி அடுப்புக்குப் ‘பழக்கும்’ மகளிர் வழக்கே இங்குத் துணைசெய்கிறது. கல்சட்டியும் மாக்கல்லே என்பது கருதத்தக்கது.

இனி, குண்டு வெளிவருதலைக் குறிக்கும் வினை. ஆங்கிலத்தில் தன்வினைக்கும் பிறவினைக்கும் வடிவம் ஒன்றே. தமிழிலோ கழலுதல் வேறு, கழற்றுதல் வேறு. பழகிய அச்சைத் திறந்தவுடன் குண்டு கழல்கிறது. பழகாத அச்சிலிருந்து அதனைக் கழற்ற வேண்டியிருக்கிறது. இரும்புக் கருவியால் நெம்பிக் கழற்றினால் குழிவில் கீறல் விழும். அடுத்த குண்டு மேலும் இறுகப் பற்றும். கைதேர்ந்தோர் கீலின்மீது மரக்கோலால் மெல்லத் தட்டுவதோடு நிற்பர். முழுத் தொழில்நுட்பமும் இவ்விரு வினைகளுக்கு இடைப்பட்டதே எனலாம். ‘விடுவித்தல்’ என்று எழுதுவோர் குண்டைச் சிறைக்கைதியாக்குகின்றனர்.

பெயர்ச்சொல்லில் தமிழ் இன்னும் வளமுடையது. குண்டு வார்ப்பதும் அச்சு. 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறியபோது பயன்பட்ட ஈய எழுத்தும் அச்சு. எழுத்து வார்ப்போர் எழுத்தின் குழிவடிவத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல், கருப்பை என்னும் பொருளுடைய இலத்தீனிலிருந்து வந்தது. தமிழிலும் ‘கரு’ என்பதற்கு வார்ப்பச்சு என்னும் பொருள் உண்டு. இரண்டையும் வேறுபடுத்த வேண்டிய இடத்தில் குழிவைக் ‘கரு’ என்றும், வார்த்தெடுத்ததை ‘அச்சு’ என்றும் கொள்ளலாம்.

பெருந்தவறு நேரும் இடம் மற்றொன்று உண்டு. அச்சுக்குக் கொழுப்பு ஆகாது. தோட்டாவுக்கோ அது தேவை. 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியில், சுருள்வரிக் குழலுள் குண்டு எளிதில் இறங்கத் தோட்டாத் தாளில் கொழுப்பிடப்பட்டது. அத்தாளைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டியிருந்தமையால், அது பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் என்னும் செய்தி 1857இல் சிப்பாய்களிடையே கொந்தளிப்பை மூட்டியது. வார்ப்பறையில் குழிவுக்கு ஏற்றிய கரிக்கும் தோட்டாவில் தடவிய கொழுப்புக்கும் ‘பூச்சு’ என ஒரே சொல்லை இடும் பெயர்ப்பில், மீரட்டில் எதன்பொருட்டுக் கலகம் மூண்டது என்பதே விளங்காது போகும்.