துண்டுக்கடியில் பேசிய விலை

மண்டியில் விலை பேசுகிற முறையை நேரில் பார்த்திராதவர்களுக்கு அதன் லட்சணத்தை எடுத்துச் சொல்வது சிரமம். தரகரும் வியாபாரியும் எதிரெதிரே நின்றுகொண்டு, இருவர் வலக்கைகளையும் ஒரே மேல்துண்டின் அடியில் மறைத்து, விரல்களைத் தொட்டும் பிடித்தும் அழுத்தியும் தொகையைத் தெரிவித்துக்கொள்வார்கள். வாயோ அந்த நேரத்தில் நேற்றுப் பெய்த மழையையும் மூத்த பையனுக்குப் பெண் பார்ப்பதையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். ஒரு தலையசைப்பில் வியாபாரம் முடிந்துவிடும். துண்டுக்கு வெளியே, மூட்டையின் மேல் ஒரு கையை ஊன்றியபடி மூன்றாவது மனிதன் ஒருவன் நிற்பான். சரக்கு அவனுடையது. விரல்கள் என்ன பேசின என்பது அவனுக்கு மட்டும் தெரியாது.

கூட்டுறவு இயக்கத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் வட்டியைப் பற்றியும் தரகைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். அவை முக்கியமல்ல என்று நான் சொல்லவில்லை. தரகு, எடைக்கூலி, மகமை, மாதிரிக்கென்று அள்ளிக்கொண்டது, பெயர் தெரியாத தர்மங்கள் என்று குடியானவனுடைய பணத்தில் ஆளுக்கொரு பங்கு கிள்ளிக்கொண்ட அக்கிரமத்தை, லின்லித்கோ பிரபுவின் தலைமையில் அமைந்த விவசாய ராயல் கமிஷனே 1928-இல் கண்டித்து, ஒழுங்குமுறைச் சந்தைகளும் சரியான எடைகளும் வேண்டுமென்று எழுதி வைத்தது. ஆனால் பிடித்தம் எவ்வளவு என்பது தெரிந்தால் சண்டையாவது போடலாம். விலையே தெரியாதவன் எதைச் சொல்லிச் சண்டை போடுவான்? குடியானவர்கள் கூடிச் சங்கம் அமைத்ததில் மிகப் பெரிய காரியம் அந்தத் துண்டை எடுத்தெறிந்ததுதான் என்பது என் அபிப்பிராயம்.

வயலே இல்லாத பெங்களூர் ஆஸ்டின் டவுனில் உட்கார்ந்துகொண்டு வயல்காரன் கதையை எழுதுவானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் பேட்டை கண்டோன்மெண்டின் பிள்ளை. வரிசை வீடுகளும், பந்து விளையாடும் மைதானமும், தமிழும் கன்னடமும் உருதுவும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும் பேச்சுமாக வளர்ந்த இடம். 1809-இல் தொடங்கிய அந்தப் பட்டாளத் தண்டோடு சென்னை ராஜதானியிலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் இங்கே சிப்பாய்களாகவும் கொத்தர்களாகவும் பட்லர்களாகவும் ஜீவனம் செய்தார்களே ஒழிய, ஏர் பிடித்தவர்கள் சொற்பம். ஆயினும் ஒரு பட்டாளத்துக்குப் பசி உண்டு. சிவில் மிலிடரி ஸ்டேஷன் என்று பெயர் பெற்ற இந்தப் பகுதி 1947 வரை பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருக்க, அதற்குக் கோசும் காரட்டும் பீட்ரூட்டும் விளைவித்துக் கொடுத்த தோட்டங்கள் மைசூர் மகாராஜாவின் ராஜ்யத்தில் இருந்தன. துரைமார் வீட்டுச் சமையலறைக்காகவே பயிரான அவற்றுக்குச் சீமைக் காய்கறி என்று பெயர் வந்து, துரைமார் போன பிறகும் அது நிலைத்துவிட்டது.

தோட்ட வேலையில் பெங்களூருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களில் திகளர் என்ற சமூகத்தாரை மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களைப் பற்றி வழங்கும் பூர்வ கதை. ஹைதர் அலி 1760-இல் லால்பாக் தோட்டத்தை உண்டாக்கத் தொடங்கிய காலத்தோடு அவர்களைச் சேர்த்துச் சொல்வதும் உண்டு. சித்திரைப் பௌர்ணமி இரவில் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து கரகம் எடுத்து வருகிறவர்கள் அவர்களே. கீரையும் பூவும் காய்கறியும் அவர்கள் கைப்பட்டால் துளிர்க்கும் என்பார்கள். விளைவிக்கத் தெரிந்த அந்தக் கைகளுக்கு விற்கும் இடத்தில் அதிகாரம் இருந்ததில்லை.

சங்கம் என்ற எண்ணம் நம் பக்கம் வந்தது கடனை முன்னிட்டு. சென்னை சர்க்காருக்காக பிரெடரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் எழுதிய அறிக்கைகள் ஜெர்மானிய ரைஃபைசன் கிராமக் கடன் சங்க முறையைச் சிபாரிசு செய்தன. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திரூரில் விவசாயக் கடன் சங்கமும், திருவல்லிக்கேணியில் பிற்காலத்தில் பெரும் பண்டகசாலையாக வளர்ந்த சங்கமும் தோன்றின. மைசூர் ராஜ்யம் 1905-இல் தனக்கென்று ஒரு சட்டம் செய்துகொண்டது. பெங்களூர் சிட்டி கூட்டுறவுச் சங்கம் அந்த வருஷமே பதிவாயிற்று. ஐக்கிய நாணயச் சங்கம் என்று அக்காலத்தார் சொன்ன பெயரே அதன் எல்லையைச் சொல்லிவிடும்: நாணயம் கொடுக்கலாம், வாங்கலாம். விளைந்ததை விற்கவும் உரத்தைக் கூட்டாக வாங்கவும் சங்கம் வைக்கச் சட்டம் தெளிவாக இடம் கொடுத்தது 1912-இல்தான்.

அப்படி எழுந்தவற்றுள் நமக்கு நன்கு தெரிந்த உதாரணம் நீலகிரியில் இருக்கிறது. மலையில் உருளைக்கிழங்கு பயிரிட்ட படகர்கள் அதை மேட்டுப்பாளையத்து மண்டிகளுக்கு இறக்கி அனுப்பினார்கள். மண்டிக்காரர் விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்திருப்பார். முன்பணம் வாங்கியவன் சரக்கை வேறு வாசலுக்குக் கொண்டுபோக முடியாது. சரக்கு போன இடத்தில் விலை சொல்லும் உரிமை அவனுக்கு ஏது? கடன், கொள்முதல், விற்பனை ஆகிய மூன்று கயிறுகளும் ஒரே முளையில் கட்டப்பட்டிருந்தன என்பதைக் கண்டுகொண்டவர்களில் முன்னோடி, படகர்களின் தலைவர் ஆரி கவுடர். 1935-இல் அவர் முன்னின்று அமைத்த நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம், மண்டி இருந்த மேட்டுப்பாளையத்துக்கே போய் உட்கார்ந்தது. மலைமேல் பத்திரமாக இருந்துகொண்டு தீர்மானம் நிறைவேற்றாமல், எதிரியின் கடைவீதியிலேயே கிடங்கு வைத்து, கிழங்கைப் பகிரங்க ஏலத்தில் விட்டதைத்தான் நான் அதன் புத்திசாலித்தனம் என்பேன். ஏலம் என்றால் விலையை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். உரத்தையும் சங்கமே அங்கத்தினர்களுக்கு விற்றது. மூன்றில் எந்தக் கயிற்றை விட்டுவைத்தாலும் மாடு பழைய முளைக்கே திரும்பிவிடும் அல்லவா?

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. ரிசர்வ் வங்கி நடத்திய கிராமக் கடன் ஆய்வு 1954-இல் வெளிவந்தபோது, குடியானவன் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது நூற்றுக்கு மூன்று பங்கு சொச்சமே என்று தெரிந்து தேசமே திகைத்தது. ஐம்பது வருஷப் பிரசங்கத்துக்குப் பலன் அவ்வளவுதான்!

1959-ஆம் வருஷம் வந்தது. ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், நிலங்களை ஒன்றாக்கிக் கூட்டாகப் பயிரிடும் கூட்டுறவுப் பண்ணைகளே நாட்டின் எதிர்காலம் என்று தீர்மானித்தது. ராஜாஜி அதை எதிர்த்து எழ, அந்த ஆண்டிலேயே சுதந்திராக் கட்சி பிறந்தது. கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்டாலே நிலம் பறிபோகுமோ என்று குடியானவன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்ட அந்த அமளியில், செப்டம்பர் மாதம், லால்பாக்கை மையமாகக் கொண்டு பெங்களூர் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவு விற்பனை, பதன்செய் சங்கம் சந்தடியில்லாமல் தோன்றியது. நிலம் அவரவருடையது, பந்தல் அவரவருடையது, கூடையும் தராசும் மட்டும் பொது. தீர்மானம் போட்ட பண்ணைகள் எங்கே போயின என்று தேட வேண்டியிருக்கிறது. இந்தச் சங்கம் ஹாப்காம்ஸ் என்ற பெயரில் நம் கண்முன் இருக்கிறது.

அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர் மைசூர்த் தோட்டக்கலையின் தலைமையில் இருந்த டாக்டர் எம். எச். மரிகவுடா. ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், கண்ணாடி மாளிகையில் பூக்காட்சி நடத்துவதோடு லால்பாக்கின் கடமை தீர்ந்துவிடாது என்று கருதினார். நாற்றுக் கொடுத்து, பூச்சியிலிருந்து காத்து, பயிற்சியும் அளித்துவிட்டு, கடைசியில் பழத்தைத் தரகரிடம் ஒப்படைப்பது, பெண்ணை வளர்த்து ஆளாக்கி முகவரி தெரியாத வீட்டுக்கு அனுப்புவது போலத்தான்.

திராட்சையில் தொடங்கியதற்குக் காரணம் அந்தப் பழத்தின் சுபாவத்திலேயே இருக்கிறது. பெங்களூரைச் சுற்றிக் கருங்கல் தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தலில் படரவிட்ட நீலத் திராட்சை வருஷத்தில் இரண்டு முறை காய்க்கும். தூணுக்குப் பணம், கம்பிக்குப் பணம், நோய்க்கு அடிக்க மயில்துத்தத்துக்குப் பணம் என்று நெல்லுக்கு இல்லாத செலவெல்லாம் இதற்கு உண்டு. பழுத்துவிட்டாலோ காத்திருக்காது. நெல்லைக் குதிரில் போட்டு மாசிக்கோ பங்குனிக்கோ விற்கலாம். அறுத்த திராட்சைக் கொத்து மறுநாளே காம்பு வாடி, மூன்றாம் நாள் உதிர ஆரம்பிக்கும். அதை மண்டியில் இறக்கி வைத்தவன் சொன்ன விலைக்கு இணங்காமல் வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போவதென்பது நடக்கிற காரியமா? துண்டு மூடிய கைக்கு இதைவிடச் சௌகரியமான சரக்கு கிடைப்பது அரிது.

1965-இல் சங்கம் மற்றப் பழங்களையும் காய்கறிகளையும் சேர்த்துக்கொண்டது. 1987-இல் இன்றைய பெயர் அமைந்தது. காரியம் நடக்கும் விதம் எளிமையானது. அங்கத்தினர் கொண்டுவரும் சரக்கைத் தரம் பிரித்து நிறுத்து எடுத்துக்கொள்கிறார்கள். அன்றைய கொள்முதல் விலை இன்னதென்று அறிவிக்கிறார்கள். நகரமெங்கும் உள்ள கடைகளில் ஒரே விற்பனை விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். தக்காளி கொண்டுவந்தவன் அந்தப் பலகையைப் பார்த்தால் தனக்கு வந்தது எவ்வளவு, நடுவில் நின்றது எவ்வளவு என்று தானே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு; அதை மறைப்பது யோக்கியமாகாது. அந்த விலையைச் சங்கம் நிர்ணயிப்பது நகரத்து மொத்தச் சந்தைகளில் அன்று என்ன விலை நடக்கிறது என்று விசாரித்துத்தான். ஆகவே பலகையில் சாக்பீஸால் எழுதிய எண்ணுக்குள்ளும் பழைய துண்டின் நிழல் விழுந்துதான் இருக்கிறது. இன்னொரு குறையும் உண்டு: மண்டியில் விலை ஏறிய நாளில் முதல் தரச் சரக்கு மண்டிக்கும், இறங்கிய நாளில் மிச்சமெல்லாம் சங்கத்துக்கும் போகும். இது நம் ஊருக்கு மட்டும் உரிய குணமல்ல. விற்பனைச் சங்கம் வைத்த பல தேசங்களிலும் இந்தப் புகார் கேட்டிருக்கிறது. போதாக்குறைக்குக் குளிர்சாதனப் பேரங்காடிகளும், செல்போனில் சொன்னால் வீட்டு வாசலுக்குக் கீரை வரும் வியாபாரமும் வந்துவிட்டன.

சென்ற மாதம் எங்கள் பேட்டைக்கு அருகிலுள்ள ஒரு சங்கக் கடையில் நின்றிருந்தேன். முன்னால் நின்ற மூதாட்டி பீன்ஸை ஒடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு ரூபா கொறைச்சுக்கோப்பா" என்றாள். கடைக்காரர் தலை நிமிராமலே, "போர்டுல போட்டிருக்கும்மா, நான் என்ன பண்றது" என்றார். "சரி, ரெண்டு கொத்து கருவேப்பிலையாச்சும் கொசுறா போடு." அதற்கும் பில் உண்டென்று அவர் சொல்லவே, அரைக் கிலோ பீன்ஸுக்குச் சில்லறையை எண்ணி வைத்துவிட்டு, "இது ஒரு கடையா!" என்று என்னிடம் முறையிட்டுக்கொண்டே, கருவேப்பிலைக்காக எதிரே நின்ற தள்ளுவண்டியை நோக்கி நடந்தாள். அங்கே வண்டிக்காரனோடு தலையைத் தாழ்த்தி ஏதோ மெதுவாகப் பேச ஆரம்பித்தது தெரிந்தது. என்ன விலைக்கு முடிந்ததென்று இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்கவில்லை.