மக்கள்தொகைக் கணக்கும் மொழி எல்லையும்: அலகு குறித்த ஒரு நோக்கு

மொழிவாரி மாநிலங்கள் அமைந்த வரலாற்றைப் பேசும் தமிழ் நூல்கள் போராட்டங்களையும் தலைவர்களையும் விரித்துரைக்கின்றன. எல்லைக்கோட்டை வரைந்தவர்களின் மேசைமேல் இருந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளை அவை பெரும்பாலும் கருதுவதில்லை. அவ்வட்டவணைகள் மாவட்டவாரியாக அமைந்தனவா, வட்டவாரியாக அமைந்தனவா, ஊர்வாரியாக அமைந்தனவா என்பதைப் பொறுத்துக் கோடு விழும் இடம் மாறிற்று. எல்லைப்பகுதித் தமிழரின் மொழிநிலையை ஆராய்வோர் முதலில் நோக்கவேண்டியது இதுவே.

1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு சீட்டு எழுதப்பட்டது. அச்சீட்டுகளைக் கையால் பிரித்து எண்ணி அட்டவணைகளை உருவாக்கினர். தாய்மொழி குறித்த விடையும் அச்சீட்டிலேயே இருந்தது. ஊரளவில் கிடைக்கும் எண்ணிக்கை வட்டம், மாவட்டம், மாநிலம் என மேலே செல்லச் செல்லத் திரளுகிறது. திரளுந்தோறும் ஊருக்கும் ஊருக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடுகிறது. பஞ்சாப், பெப்சு, தில்லி, இமாசலப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் அவ்வாண்டு எழுந்த மொழிப்பூசல் காரணமாக இந்தி, உருது, பஞ்சாபி, பஹாடி ஆகிய நான்கும் ஒரே தொகையாகவே வெளியிடப்பட்டன. பிரிக்காமல் வெளியிட்ட எண்ணைக் கொண்டு எவரும் மொழிப்படம் வரைய இயலாது.

அலகும் எல்லையும்

1953ஆம் ஆண்டு இறுதியில் அமைக்கப்பட்ட மாநிலச் சீரமைப்பு ஆணையத்தில் பசல் அலி, குன்சுரு, கே.எம். பணிக்கர் ஆகியோர் இடம்பெற்றனர். 1955இல் அறிக்கை அளித்த இவ்வாணையம் மாவட்டத்தையே பொதுவாக அடிப்படை அலகாகக் கொண்டது. சில இடங்களில் வட்டத்திற்கு இறங்கிற்று. திருவிதாங்கூர் அத்தகைய இடமாகும். அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்று திருவனந்தபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. மாவட்டத்தை அலகாகக் கொண்டிருப்பின் அங்குத் தமிழர் சிறுபான்மையினராகவே தோன்றியிருப்பர். வட்டத்திற்கு இறங்கியதும் பெரும்பான்மை புலப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று அந்நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் இணைந்தன.

தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் செய்தி வேறு. தேவிகுளத்தில் தமிழர் தெளிவான பெரும்பான்மையினர் என்பதை ஆணையமும் அறிந்திருந்தது. ஆயினும் அவர்களுள் பெருந்தொகையினர் தோட்டத் தொழிலாளர், வந்து செல்வோர் என்ற வாதம் எண்ணிக்கையின் வலிமையைக் குறைத்தது. தெற்கே சான்றாக ஏற்கப்பட்ட அதே வகை எண் மலைமேல் விளக்கம் கேட்கப்பட்ட எண்ணாயிற்று. தலைமுறைகளாக லயங்களில் வாழ்ந்தவரை வந்து செல்வோர் என்றது எவ்வளவு பொருந்தும் என்பது ஐயத்திற்குரியது. படம் வரைவோருக்கும் இங்கு ஓர் எச்சரிக்கை உண்டு. காடும் தேயிலைத் தோட்டமும் மிகுந்த தேவிகுளம் வட்டம் முழுவதற்கும் ஒரே வண்ணம் தீட்டினால், ஆளில்லாக் காடும் ஒரு மொழிக்கு உரியதாகத் தோன்றும். மக்கள் வாழும் இடங்களில் மட்டும் புள்ளியிட்டுக் காட்டும் படமே அத்தகைய நிலத்திற்கு ஏற்றது.

பட்டாஸ்கர் வரைந்த கோடு

வட எல்லையில் ம.பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய போராட்டத்தின் பின்னர், ஆந்திரமும் சென்னையும் எச்.வி. பட்டாஸ்கரை நடுவராக ஏற்றன. அவர் ஊரை அலகாகக் கொண்டார். நிலத்தொடர்ச்சி, மொழிப் பெரும்பான்மை ஆகியவற்றையும் அளவுகோலாக்கினார். ஒரு வட்டத்தை முழுமையாக இப்பக்கமோ அப்பக்கமோ தள்ளவேண்டிய கட்டாயம் இதனால் நீங்கிற்று. சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும் வேறு சில பகுதிகளும் சென்னைக்கு வந்தன. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 முதல் இம்மாற்றம் நடைமுறைக்கு வந்தது. பெல்காம் வழக்கில் மகாராட்டிரம் இம்முறையையே எடுத்துக்காட்டி ஊரை அலகாகக் கொள்ளுமாறு கோரியது. எனினும் 1967இல் மகாஜன் ஆணையம் பெல்காம் நகரம் மைசூருக்கே உரியது என்றது.

இன்று கிடைக்கும் தரவு

ஊர்வாரித் தரவு இன்று முன்னைவிட எளிதாகக் கிடைக்கிறது. 1951 முதல் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகள் வெளிவருகின்றன. 2011ஆம் ஆண்டு அட்டவணைகளைக் கணினியிலேயே பெறலாம். பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், புதுச்சேரி, தென்னிந்திய ஊர்களின் கணக்கெடுப்புத் தரவை அவற்றின் இருப்பிடங்களோடு இணைத்துப் படமாக்கிய பணி இத்துறையில் முன்னோடியானது. வெவ்வேறு ஆண்டுகளின் தரவை ஒப்பிட விழைவோருக்கு ஊர்ப்பெயரை மட்டும் நம்புதல் போதாது. ஊர்கள் பிரிகின்றன, நகராட்சிக்குள் மறைகின்றன, எழுத்துக்கூட்டு மாறுகிறது. 2001ஆம் ஆண்டின் குறியீட்டு எண்ணும் 2011ஆம் ஆண்டின் எண்ணும் வெவ்வேறானவை. இரண்டையும் பொருத்தும் பட்டியலை முதலில் உருவாக்கிக்கொள்ள வேண்டும். பெருமளவு நேரம் செலவாவது இவ்வேலையில்தான்.

மொழியாய்வாளர் தடுக்கி நிற்கும் இடம் ஒன்றுண்டு. ஊரளவில் வெளியாகும் முதன்மைச் சுருக்கத்தில் வீடுகள், ஆண் பெண் தொகை, எழுத்தறிவு, பட்டியல் இனத்தார், பழங்குடியினர், தொழில் ஆகியவை உண்டு; தாய்மொழி இல்லை. 2011ஆம் ஆண்டுத் தாய்மொழி அட்டவணை வட்டத்தோடு நின்றுவிடுகிறது. மொழிப்பெயரும் ஓர் அலகே என்பதையும் மறத்தலாகாது. 2011இல் தமிழ் பேசுவோராகக் காட்டப்பட்ட 6,90,26,881 பேருள் இருளர் மொழியையும் எருகலாவையும் தாய்மொழியாகக் கூறியவர்களும் அடங்குவர். 1971க்குப் பின் 10,000 பேருக்குக் குறைந்தோர் பேசும் மொழிகள் தனித்துக் காட்டப்படுவதும் இல்லை.

2021இல் நடைபெறவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1ஐக் குறிப்புநாளாகக் கொண்டு அதனை நடத்த 2025 ஜூனில் அறிவிக்கை வெளியிடப்பட்டது. ஊர்வாரித் தாய்மொழித் தொகையை ஆய்வாளருக்கு வழங்கக் கோருவதற்கு இதுவே தக்க காலம். பட்டாஸ்கர் ஊர் ஊராகப் பார்த்துக் கோடு வரைந்த திருத்தணியில், 2011இல் எத்தனை பேர் தமிழ் பேசினர், எத்தனை பேர் தெலுங்கு பேசினர் என்பதை வட்ட அட்டவணை சொல்லும். அவர்கள் எந்தெந்த ஊர்களில் இருந்தனர் என்பதை அது சொல்லாது.