சிடிஎக்ஸ் ஃபேஜ்: காலரா பாக்டீரியாவின் குரோமோசோமில் குடியேறும் நூல் வடிவ வைரஸ்

சிடிஎக்ஸ் ஃபேஜ் என்பது காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே பாக்டீரியாவைத் தாக்கும் நூல் வடிவ வைரஸ். காலரா நஞ்சுக்கான மரபணுக்கள் பாக்டீரியாவுக்குச் சொந்தமானவை அல்ல. இந்த வைரஸ் கொண்டுவந்தவை. அந்த நஞ்சின் இருப்பைக் கொல்கத்தாவின் சம்பு நாத் டே 1959-இல் நிறுவினார். அதன் மரபணுக்கள் ஒரு வைரஸின் டி.என்.ஏ.வில் இருப்பதை 1996-இல் அமெரிக்காவில் மேத்யூ வால்டோரும் ஜான் மெக்காலனோஸும் காட்டினார்கள்.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. 1992 அக்டோபரில் சென்னையில் தென்பட்ட காலரா, அதுவரை கொள்ளைநோய்க்குக் காரணமான ஓ1 வகையைச் சேர்ந்ததாக இல்லை. பின்னர் ஓ139 எனப் பெயரிடப்பட்ட அது, விரைவில் வங்காளம் வரை பரவியது. மேலுறையின் சர்க்கரை அமைப்பை மாற்றிக்கொண்ட, எல் டோர் என்ற ஓ1 கிளையின் பாக்டீரியாதான் அது. சட்டை புதிது, உள்ளே சிடிஎக்ஸ் ஃபேஜ் ஏற்கெனவே குடியிருந்தது.

சுமார் 7,000 எழுத்து நீளமுள்ள, ஒற்றை இழையாலான வட்ட டி.என்.ஏ. இந்த வைரஸின் முழுச் சொத்து. பாக்டீரியாவின் டிசிபி என்ற மயிரிழையைப் பற்றிக்கொண்டு அது உள்ளே நுழைகிறது. நுழைந்தபின் குரோமோசோமை வெட்டி ஒட்டத் தனக்கென ஓர் என்சைமை அது கொண்டுவருவதில்லை. ஸெர்சி, ஸெர்டி என்ற பாக்டீரியாவின் இரு என்சைம்களையே பயன்படுத்துகிறது. செல் பிரியும்போது வட்டக் குரோமோசோம்கள் இரண்டு ஒன்றோடொன்று இணைந்துவிட்டால், டிஃப் என்னும் 28 எழுத்துத் தலத்தில் வெட்டிப் பிரித்துவிடுவதே அவற்றின் வழக்கமான வேலை. செல்லுக்கு முக்கியமான வேலை என்பதால் அந்தத் தலத்தை எளிதில் கைவிடவும் பாக்டீரியாவால் முடியாது. வைரஸ் தேர்ந்த இடம் அதுதான்.

ஆனால் இரட்டை இழையாக இருக்கும்போது வைரஸின் டி.என்.ஏ.வில் டிஃப்பை ஒத்த முழுமையான தலம் கிடையாது. 2005-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இந்த முடிச்சை அவிழ்த்தனர். ஒற்றை இழையில் சுமார் 150 எழுத்துப் பகுதி, கொல்லிமலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவு போலத் தன்மேலேயே மடிகிறது. எதிரெதிராக அமையும் இரு துண்டுகளும் இணைசேர்ந்து தற்காலிகமாக ஒரு டிஃப் உருவாகிறது. ஸெர்சி ஓர் இழையை மட்டும் வெட்டி மாற்றி இணைக்கிறது, ஸெர்டி வெட்டுவதில்லை. மீதியைப் பாக்டீரியாவின் டி.என்.ஏ. படியெடுப்பே முடித்துத் தருகிறது.

படியெடுத்து இரட்டை இழையானதும் அந்த மடிப்பு மறைந்துவிடும். குடியேறிய வைரஸின் ஒரு முனையில் மட்டுமே செயல்படும் டிஃப் எஞ்சுவதால் அதை வெட்டி வெளியேற்ற வழியில்லை. அதே முனையில் இன்னொரு ஃபேஜ் வந்து சேரலாம். இப்படி அடுத்தடுத்து இரண்டு இருந்தால்தான் (பக்கத்தில் ஆர்எஸ்1 என்ற உறவு வைரஸ் இருந்தாலும் போதும்) முதலாவதில் தொடங்கி இரண்டாவதில் முடியும் படியெடுப்பால் புதிய ஒற்றை இழை பிறக்கும். மூலப்படி குரோமோசோமிலேயே தங்கிவிடுகிறது. பாக்டீரியா நஞ்சை வெளியேற்றும் வாயில் வழியாகவே புதிய வைரஸ்களும் செல்லை உடைக்காமல் வெளியேறுகின்றன.

மற்ற நூல் வடிவ வைரஸ்களின் போக்கு வேறு. ஆய்வகங்களில் புகழ்பெற்ற எம்13 குரோமோசோமில் நுழைவதே இல்லை. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவைத் தாக்கும் பிஎஃப்4 சொந்தமாக இன்டக்ரேஸ் என்சைம் வைத்திருக்கிறது. விஜிஜே என்ற ஃபேஜ் காலரா பாக்டீரியாவின் அதே டிஃப்பில் இரட்டை இழையாக நுழைந்து, வெளியேறவும் செய்யும்.

டிஃப் பழுதாகிவிட்ட பாக்டீரியாவில் சிடிஎக்ஸ் நுழைய முடியாது. அங்கே டிஎல்சி என்ற துணை வைரஸ் முதலில் குடியேறித் தலத்தைச் சீராக்கிக் கொடுப்பதை 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. நஞ்சற்ற பாக்டீரியா நஞ்சுடையதாக மாறும் வரிசையில் இந்தப் படியும் உண்டு என்பது, நோய்ப் பரவலைக் கண்காணிப்போர் கவனிக்க வேண்டிய செய்தி.

குடியேறிய ஃபேஜ் ஆர்எஸ்டிஆர் என்ற அடக்கும் புரதத்தை உருவாக்கித் தன் வகையைச் சேர்ந்த அடுத்த வைரஸைத் தடுக்கும். புரதம் வேறானால் தடை செல்லாது. கொல்கத்தாவில் 1996-இல் ஓ139 மீண்டும் தலைதூக்கியபோது, அதனுள் புதிய ஆர்எஸ்டிஆர் கொண்ட 'கல்கத்தா வகை' சிடிஎக்ஸ் ஃபேஜும் சேர்ந்திருந்தது.